நாற்காலி உத்தியோகமும் நாலு வடையும்

பாலசமுத்திரம்:

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டு வட்டாரத்தை ஒட்டியிருக்கிறது பாலசமுத்திரம் மண்டலம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று இரு மொழியும் சரளமாகப் புழங்கும் எல்லைப்புறம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சென்ற தலைமுறை வரை காலையில் கேழ்வரகுக் கூழ், பகலில் களியும் கீரையும்தான் சாப்பாடு. களியைத் தெலுங்கில் சங்கடி என்பார்கள். கரும்பு வெட்டியவரும் கவலை இறைத்தவரும் அதைத் தின்று, மாலைக்குள் வியர்வையாகக் கரைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் இன்று வயலுக்குப் போவதில்லை. நகரியில் விசைத்தறி, திருப்பதியில் ரயில் பெட்டிப் பணிமனை, ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலைகள், சித்தூரில் அரசு அலுவலகங்கள் என்று விடிந்ததும் டிபன் பாக்சுடன் பஸ் ஏறுகிறார்கள். வேலை மாறிவிட்டது. ஆனால் சாப்பாட்டின் அளவு மாறவில்லை. களி போய் வெள்ளைச் சோறு வந்தது. அதுவும் தட்டு நிறைய. பதினோரு மணிக்கு டீயும் வடையும், நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும் புதிதாகச் சேர்ந்துகொண்டன. வயற்காட்டுப் பசிக்குரிய சாப்பாடு, நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. இந்தப் பொருத்தமின்மைதான் இப்போது தொல்லை கொடுக்கிறது.

பத்தில் ஒருவர் அல்ல

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023ல் வெளியாயின. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. ஏறத்தாழ 40 பேருக்கு இடுப்பைச் சுற்றிக் கூடுதல் சதை.

இவை பணக்காரர் வியாதிகள் என்று சொன்ன காலம் போய்விட்டது. குமாஸ்தாவும் தறிக்காரரும் கணக்கில் வந்துவிட்டார்கள். அதிலும் ஊரை விட்டு வந்து பிழைப்பவருக்கு உடம்பு ஒன்றுதான் மூலதனம். 45 வயதில் அவர் படுத்துவிட்டால் இங்கே வாடகை வீடும் அங்கே ஊரில் மணியார்டரை எதிர்பார்த்த காலம் முதல் அவரையே நம்பியிருக்கும் குடும்பமும் சேர்ந்தே படுத்துவிடும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

லண்டன் கண்டக்டர் கற்பித்த பாடம்

உட்கார்ந்த வேலைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக் காட்டியது ஒரு பஸ். லண்டன் மாநகரின் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குவார்; ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். டாக்டர் ஜெரி மாரிஸ் இவ்விருவரையும் ஒப்பிட்டு 1953ல் தம் முடிவை வெளியிட்டார். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உயிரைப் பறிப்பது குறைவு.

தபால் இலாகாவிலும் அவர் இதே கணக்கைப் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரரைவிட, உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கே இருதய நோய் அதிகம். இதைச் சொன்ன மாரிஸ் தாமும் உடற்பயிற்சியை விடாமல் 99 வயது வரை வாழ்ந்தார். 2009ல் காலமானார்.

தொழிற்சாலையில் ஒரு பரிசோதனை

‘அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம்’ என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. டாக்டர் துரைராஜ் பிரபாகரன் குழுவினர் ஆறு தொழில் நிலையங்களில் சுமார் நான்கு ஆண்டுகள் ஊழியருக்கும் குடும்பத்தாருக்கும் சாப்பாடு, உடற்பயிற்சி, புகையிலை பற்றி விடாமல் எடுத்துச் சொன்னார்கள். சுவரொட்டி, சிறு புத்தகம், சொற்பொழிவு, ஆபத்தில் இருப்பவருக்குத் தனி ஆலோசனை ஆகியவையே அவர்களுடைய கருவிகள். பெரிய மருந்து மாயம் எதுவும் இல்லை. இன்னொரு நிலையத்தில் எதுவும் செய்யாமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

2009ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. ஆறு இடங்களிலும் சேர்த்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இறங்கியிருந்தன. எதுவும் செய்யாத இடத்தில் அவை ஏறியிருந்தன. தனி ஆளாகப் பத்தியம் இருப்பது கடினம். பக்கத்து மேஜைக்காரரும் சேர்ந்து இருந்தால் சுலபம் என்பதே இதன் சாரம்.

தமிழ்நாடு அரசு வீடு தேடிச் சென்று ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் திட்டத்தை 2021ல் தொடங்கி, 2024ல் தொழிற்சாலைகளுக்கும் அதை விரிவாக்கியது. மத்திய அரசு ஊழியர் நாற்காலியை விட்டு எழுந்து செய்யக்கூடிய ஐந்து நிமிட யோகப் பயிற்சியை 2021ல் பரிந்துரைத்தது. சமோசா, வடை முதலியவற்றில் உள்ள எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு என்று அலுவலகங்களில் பலகை வைக்கும்படி 2025ல் மத்திய சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. தெருவோரக் கடைக்காரர் மீது பாய்வது நோக்கமல்ல, ஊழியரே தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும் என்றும் விளக்கியது.

கேண்டீன் யார் கையில்?

பலகை வைத்தால் மட்டும் போதாது. கேண்டீனில் வடையைத் தவிர வேறொன்று கிடைக்கவும் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வேண்டும் என்றது. அதை நடத்தும் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் கொடுத்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கை 100 ஆகக் குறைந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு என்றும் அரசு அறிவித்திருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்து ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். சம்பள உயர்வுக்குக் குரல் கொடுக்கும் சங்கங்கள், சாம்பாரில் காய்கறி உண்டா, எண்ணெயை எத்தனை முறை காய்ச்சுகிறார்கள் என்றும் கேட்கலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் ஓர் அளவுக்கு மேல் கெட்டுவிட்டால் உபயோகிக்கக் கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது.

கைக்கெட்டிய சாப்பாடு

நல்ல உணவென்றால் ஆப்பிளும் ஓட்சும்தான் என்பது தவறு. ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல் நம் குன்னூரில் பிறந்தது. 1958ல்தான் ஆந்திராவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2,000 கலோரி போதுமானவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், எண்ணெய் 27 கிராம். நம் தட்டில் சோறும் காய்கறியும் தலைகீழாக இருப்பதை இதிலிருந்து உணரலாம்.

சித்தூர்ச் சீமையிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒரு வேளையாவது அளவான களி, புளிச்சகீரை, பருப்பு. வடைக்குப் பதில் ஒரு பிடி அவித்த வேர்க்கடலை. வட ஆற்காட்டார் மணிலா என்பது அதைத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2023ல் ராகி ஜாவா கொடுக்கத் தொடங்கியது ஆந்திர அரசு. பிள்ளைக்கு நல்லது அப்பாவுக்கும் நல்லதுதானே! ஆனால் சர்க்கரை நோயாளி களியையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

டீக் கணக்கையும் பார்க்கலாம். நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்போ 5 கிராமுக்குள். ஆந்திர ஊறுகாயின் ருசிக்கு அடிமையானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி இருக்கிறது, ஏறலாம்

வாரத்திற்கு 150 நிமிட விறுவிறு நடை போதும் என்கிறார்கள் டாக்டர்கள். நாளைக்கு அரை மணி, ஐந்து நாள். பஸ்சிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கினால் பாதி முடிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் நாலு பேர் சேர்ந்து பத்து நிமிடம் நடந்தால் இன்னொரு பங்கு. அலுவலகத்தில் லிப்டை விட்டு மாடிப்படி ஏறலாம். மணிக்கொரு தரம் எழுந்து நிற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அலிபிரி வழியாகத் திருமலைக்கு 3,550 படிகள். வேண்டுதலுக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஏறி, மறுநாள் கால் வலி என்று லீவு போடுகிறவர்கள் பலர். இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானமே அறிவுறுத்தியிருக்கிறது. அவர்களும், நடந்தால் நெஞ்சு வலிப்பவரும் டாக்டரைக் கேட்டபின் பயிற்சியைத் தொடங்குவதே நல்லது. மற்றவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் ஏறும் மலையைத் தினமும் கொஞ்சமாக அலுவலகப் படிகளில் ஏறலாம். லண்டன் கண்டக்டரைக் காப்பாற்றியது அதுதான்.