ஓயாமல் உழைக்கும் ஹார்ட் டிஸ்க் - காரணம் காண்பது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், திருமணப் படங்கள், விற்றுவிட்டு வந்த ஊர் வீட்டின் புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்தான். திடீரென்று ஒரு நாள் அதன் முகப்பில் உள்ள சிறு விளக்கு அணையாமல் எரிகிறது. உள்ளே கரகரவென்று சத்தம். ஒரு கடிதத்தைத் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், "டிஸ்க் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று பலமுறை பதில் வருகிறது. அதை ஏற்பதற்கு முன், டிஸ்க்கை இப்படி வேலை வாங்குவது யார் என்று நாமே பார்த்துவிடலாம்.

ரயில்வேயில் வண்டியின் அச்சு சூடேறினால் அதை 'ஹாட் ஆக்ஸில்' என்போம். சூடு ஓர் அடையாளம் மட்டுமே. கோளாறு பேரிங்கில் இருக்கலாம், மசகில் இருக்கலாம், ஏற்றிய பாரத்தில் இருக்கலாம். எரியும் விளக்கும் அதுபோன்ற அடையாளமே.

முதலில் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. 7,200 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 8.3 மில்லி செகண்டு. நமக்கு வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். முனையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர மேலும் எட்டு, ஒன்பது மில்லி செகண்டு. ஆக, ஓரிடத்துத் தகவலை எடுக்க 12 அல்லது 13 மில்லி செகண்டு. நொடிக்கு ஏறக்குறைய 75 முறை.

யார்டில் ஒரே ஒரு ஷண்டிங் என்ஜின் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே லைனில் நிற்கும் முழு ரேக்கை இழுப்பது அதற்கு எளிது. ஆனால் பத்து லைன்களிலிருந்து ஒவ்வொரு வேகனாகக் கொண்டுவரச் சொன்னால், போய் வருவதிலேயே பொழுது கழிந்துவிடும். டிஸ்க்கும் அப்படித்தான். தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 100 எம்.பி. தரக்கூடிய அதே டிஸ்க், சிதறிக் கிடக்கும் 4 கே.பி. துண்டுகளாகக் கேட்டால் 300 கே.பி. தருவதற்கே திணறும். ஆகவே, டிஸ்க் மும்முரமாக இருப்பதால் நிறைய வேலை நடக்கிறது என்று பொருளல்ல.

இனிச் சோதனைக்கு வருவோம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் வேலை வாங்கும் நிரல் பட்டியலின் மேலே வந்து நிற்கும். இன்னும் விவரம் வேண்டுமானால், விண்டோஸ் தேடலில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, டிஸ்க் பக்கத்தைப் பாருங்கள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது, பதில் வர எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். பத்து நிமிடம் பொறுமையாகக் கவனித்தால் காரணம் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்றாக இருப்பது பெரும்பாலும் புலப்படும்.

முதலாவது, பின்னணி வேலைகள். வைரஸ் தடுப்பு நிரலின் சோதனை, விண்டோஸ் அப்டேட், கோப்புகளை அட்டவணைப்படுத்தும் சர்ச் இண்டெக்சர், முன்கூட்டியே நிரல்களை ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் ஆகியவை பட்டியலின் மேலே தெரியும். வாரம் ஒரு முறை மட்டும் போடும் கம்ப்யூட்டரில் நிலுவை வேலைகள் அனைத்தும் ஒன்றாகத் தொடங்கிவிடுவது இயல்பு. இரண்டு, மூன்று மணி நேரம் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். அடங்கிவிட்டால் கோளாறு இல்லை. அடங்காமல் ஒரே பெயர் நாள்தோறும் மேலே நின்றால், அந்த நிரலைச் சரிசெய்ய வேண்டும் அல்லது நீக்க வேண்டும். பெயரே தெரியாத நிரலானால் வைரஸ் சோதனை அவசியம்.

இரண்டாவது, மெமரிப் பற்றாக்குறை. திறந்துவைத்த நிரல்களுக்கு மெமரி போதாதபோது, விண்டோஸ் அதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்புக்கு மாற்றி மாற்றி எழுதுகிறது. மெமரியைவிட டிஸ்க் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. எனவே எல்லாமே தேங்கி நிற்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேல் இருந்து, ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' தொடர்ந்து நூற்றுக்கணக்கில் நின்றால் இதுதான் காரணம். தேவையற்ற நிரல்களை மூடினால் உடனே குறையும். 4 ஜி.பி. உள்ள கம்ப்யூட்டரில் இடமிருந்தால் இன்னொரு 4 ஜி.பி. சேர்ப்பதே நிலையான தீர்வு. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவதுதான் அபாயமானது. எந்த நிரலும் பெரிதாக எதையும் கேட்கவில்லை, படிப்பதும் எழுதுவதும் சொற்பம், ஆனாலும் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது. பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி செகண்டுகளாக இருக்கிறது. பழுதான இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்பதற்கு இது அறிகுறி. சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்ற ஒலியும் கேட்டால் ஐயம் பெருமளவு உறுதியாகும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்ளும் 'ஸ்மார்ட்' என்ற வசதி உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். அதில் 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' ஆகிய எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பக்கூடாது.

இங்கே வரிசை முக்கியம். ஐயம் எழுந்தவுடன் செய்ய வேண்டியது, வேண்டிய கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுப்பது. செக்டிஸ்க் போன்ற நீண்ட சோதனைகளை அதற்கு முன் ஓட்டினால், நலிந்த டிஸ்க் அந்தச் சுமையிலேயே நின்றுபோகலாம். பழுது பார்ப்பவர் "ஃபார்மேட் செய்து பார்க்கலாம்" என்றாலும் நகல் எடுக்கும்வரை சம்மதிக்க வேண்டாம். டிஸ்க்கை மாற்றலாம், தாத்தா பாட்டியின் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும் என்றால் எஸ்.எஸ்.டி. வாங்குவது நலம். அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஆகவே சிதறிய துண்டுகளையும் விரைவாகத் தருகிறது. ஆனால் முறைதவறி ஓடும் நிரலை அது குணப்படுத்தாது. தொல்லை வெளியே தெரியாமல் மறைக்க மட்டுமே செய்யும். மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், செலவு செய்யுமுன் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதியும் நேரமும், மேலே நின்ற நிரலின் பெயர், மெமரி சதவீதம், டிஸ்க்கின் பதில் நேரம். இரண்டு மூன்று நாள் குறிப்பு கையில் இருந்தால், எதை மாற்ற வேண்டும் என்பதைப் பழுது பார்ப்பவருக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம்.