மணலைத் தின்று கடலைக் காக்கும் அட்டை

மன்னார் வளைகுடாவில் கடற்புல் முளைத்த ஆழமில்லாத அடிமணலில் பாதி புதைந்து கிடக்கும் கடல் அட்டையைக் கல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். கையில் எடுத்தால் உடல் மெல்ல இறுகும். மூளை கிடையாது. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை அள்ளி அள்ளி விழுங்கும். மூச்சு விடுவதோ ஆசனவாய் வழியாக. நட்சத்திர மீனுக்கு நெருங்கிய உறவு இது.

விழுங்கிய மணலில் ஒட்டியிருக்கும் பாசி, நுண்ணுயிர், அழுகிய துகள் எல்லாம் குடலில் செரித்துவிடும். சுத்தமான மணல் பின்பக்கமாக வெளியேறும். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுத் திட்டில் மட்டும் கடல் அட்டைகள் ஆண்டுக்கு 64,000 டன்னுக்கு மேல் மணலை இப்படிப் புரட்டுவதாக 2021-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

புரட்டாவிட்டால் என்ன ஆகும்? பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவில் சில இடங்களிலிருந்து அட்டைகளை அகற்றிப் பார்த்தார்கள். அங்கே மணலைத் தொட்டு வளர்ந்த பவளப்பாறைகள் நோய்ப்பட்டன. பவளக் கூட்டங்கள் முழுதாகச் செத்துப்போவது ஏறத்தாழ 15 மடங்கு கூடியது. 2024-ல் வெளியான முடிவு இது.

இப்படிப்பட்ட உயிரைத்தான் அவித்து, காயவைத்து, கிழக்காசியச் சந்தைக்கு ஏற்றுமதி செய்தோம். பிடிப்பவருக்கு வலைகூட வேண்டாம். முக்குளித்துக் கையால் பொறுக்கினால் போதும். ஓடவும் தெரியாது. அட்டைகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் கலந்துவிட்டே இனம் பெருக்குகின்றன. எஞ்சிய சிலவும் தூரதூரமாகக் கிடந்தால் இரண்டும் சேராது. பிடிப்பதை நிறுத்திய பிறகும் எண்ணிக்கை எளிதில் மீளாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2001-ல் இந்திய அரசு கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து முழுத்தடை போட்டது. கடத்தல் நிற்கவில்லை, ராமநாதபுரம் கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது. அட்டை எடுத்தே பிழைத்த முக்குளிப்பாளர் குடும்பங்களுக்குத் தடை பேரிடியாக இறங்கியது. தடையை நீக்கச் சொல்லி அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு: எதிர்க்கரையான இலங்கையில், யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பகுதிகளில், அரசு அனுமதியோடு அட்டைப் பண்ணைகள் நடக்கின்றன.

அதற்காகத் தடையை எடுத்துவிட்டுக் கடலை மீண்டும் வழித்தெடுக்க விடுவது தவறு. வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உலகிலேயே முதன்முதலாக உருவாக்கியது நம் தூத்துக்குடிதான். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1988-ல் அதைச் சாதித்தது. அந்தக் குஞ்சுகளை வளர்த்து வளைகுடாவின் மணலில் திரும்ப விட வேண்டும். அந்த வேலையைக் கூலி கொடுத்து முக்குளிப்பாளர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அடிமணலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.