சிரட்டைக் கரியின் சிறப்பு

தேங்காயைத் திருவியபின் நாம் அடுப்பிலிடும் சிரட்டையில் அரியதோர் ஆற்றல் அடங்கியுள்ளது. அதனைக் காற்றுப் புகாது சுட்டுக் கரியாக்கி, சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், கரியெங்கும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் தோன்றுகின்றன. இதுவே உயிர்ப்பூட்டிய கரி. நம் நாட்டு ஆலைகள் இதனைச் செய்து பிறநாடுகளுக்கு அனுப்புகின்றன. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்தால், ஏறக்குறைய நான்கு பரப்புக் காணியை மூடிவிடுமென்பது வியப்பன்றோ!

உலகை வெப்பமாக்கும் காபனீரொட்சைட்டையும் இத்துளைகள் பற்றிக்கொள்கின்றன. ஆலைப் புகையைக் குளிர்வித்து, ஈரம் நீக்கி, இக்கரியினூடே செலுத்துதல் வேண்டும். பின்னர் கரியைச் சூடாக்கினால் வாயு வெளியேறும். கரி மறுபடியும் பயன்படும்.

ஆனால், அவ்வாறு வெளியேறும் வாயுவை நிலத்தின் ஆழத்தே அடைத்து வைக்காவிடின் பட்ட பாடெல்லாம் வீணே. கரி பிடித்துத் தரும். காக்க வேண்டியவர் நாமே. ஆதலின், கரி உண்டென்று எண்ணிப் புகையைப் பெருக்காதிருப்போமாக!