பாகத்தை மாற்றுமுன் ‘ஏன்’ என்று கேள்: பழைய சங்கிலி ரம்பம் தந்த பாடம்

பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க் தண்டு. பழைய டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் அசையும் முக்கியப் பாகங்கள் இந்த மூன்றுதான். வால்வு இல்லை, எண்ணெய்த் தொட்டி இல்லை, கணினி இல்லை. இவ்வளவு எளிமையான ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கும் நான், சென்ற விடுமுறையில் துவாசில் உள்ள சிறிய பட்டறை ஒன்றில் வேலைப் பயிற்சி மேற்கொண்டேன். மரம் வெட்டும் குத்தகையாளர்களின் புல்வெட்டும் இயந்திரங்கள், சங்கிலி ரம்பங்கள், நீர் இறைக்கும் பம்புகள் ஆகியவை அங்குப் பழுதுபார்க்கப்படுகின்றன. மூலையில் தூசு படிந்து கிடந்த ஒரு ரம்பம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. 1970களில் தயாரானது, பெயர்ப்பலகை தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. “சரி பண்ணலாமா, பழைய இரும்புக்குப் போடலாமா? பார்த்துச் சொல்லு தம்பி,” என்றார் நாங்கள் எல்லாரும் ‘அங்கிள்’ என்றழைக்கும் மூத்த பழுதுபார்ப்பாளர். ஒரு நிபந்தனையும் விதித்தார்: “பாகத்தை மாத்துறது சுலபம். ஏன் போச்சுன்னு சொல்லு, அப்புறம் மாத்தலாம்.”

மரங்களோடு வந்த இயந்திரம்

பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் தொடக்கத்தில் ஒருவர் தூக்கக்கூடியதாக இருக்கவில்லை. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929ல் உருவாக்கிய ரம்பத்தின் எடை சுமார் 46 கிலோ. அதை இயக்க இருவர் வேண்டும். அதே நிறுவனம் 1959ல் ‘கொன்ட்ரா’ என்ற ரம்பத்தை வெளியிட்டது. பல்சக்கரப் பெட்டி இல்லாமல் இயந்திரமே சங்கிலியை நேரடியாகச் சுழற்றிய அந்த ரம்பத்தை ஒருவரே தூக்கி இயக்கலாம்.

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, அப்போதைய பிரதமர் திரு லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். விரைவில் நிழல் தரும் என்பதற்காக அங்சானாவும், தமிழில் தூங்குமூஞ்சி மரம் எனப்படும் ‘ரெயின் ட்ரீ’யும் சாலையோரங்களில் நடப்பட்டன. வேகமாக வளரும் மரத்தைக் கிளை கழித்துப் பராமரிக்கவும் வேண்டும். பசுமை நகரம் என்றதும் நமக்கு மரம் நட்ட கைகள் நினைவுக்கு வருகின்றன. கிளை கழித்த கைகளும், அந்தக் கைகளில் இருந்த இயந்திரங்களும் நினைவுக்கு வருவதில்லை.

ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு

கார்களில் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரத்தில், கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வோர் உருளையிலும் எரிபொருள் ஒருமுறை வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்திற்கு 9,000 சுற்று ஓடும் ரம்பத்தில் வினாடிக்கு 150 வெடிப்புகள்! எடை குறைவு, விசை அதிகம் என்பதன் இரகசியம் இதுதான்.

பிஸ்டன் இங்கே இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்கிறது. மேலே ஏறும்போது தனக்கு மேலிருக்கும் கலவையை அழுத்துகிறது. அதே நேரத்தில் தனக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் புதிய கலவையை உறிஞ்சுகிறது. பொறி பட்டு வெடித்ததும் கீழே இறங்கி, உருளைச் சுவரில் உள்ள புகைத்துளையை முதலில் திறக்கிறது. பிறகு பக்கத்துத் துளைகள் திறக்கின்றன. கிராங்க் அறையில் காத்திருந்த புதிய கலவை அவற்றின் வழியே மேலே பாய்ந்து, பழைய புகையை வெளியே தள்ளுகிறது. வால்வு செய்ய வேண்டிய வேலையைப் பிஸ்டனின் விளிம்பே செய்துவிடுகிறது.

கிராங்க் அறை வழியாகப் பெட்ரோல் கலவை போவதால், அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க முடியாது. அதனால் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம். பழைய இயந்திரங்கள் பலவற்றுக்கு 25க்கு 1, அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். இன்றைய இயந்திரங்களுக்கும் எண்ணெய்களுக்கும் 50க்கு 1 வழக்கம். 20 மில்லிலிட்டர் போதும். ரம்பத்தைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் அது ஓடுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டை அண்ணனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1980ல் ஓசூரில் தயாராகத் தொடங்கிய டிவிஎஸ் 50 மொபெட்டும் இதே வகை இயந்திரம்தான். “ஊர்ல பெட்ரோல் பங்க்ல 2டி ஆயில் சேர்த்துத்தானே அடிப்போம்,” என்றார் அவர். நான் பாடநூலில் படித்ததை அவர் பத்து வயதில் அப்பாவின் வண்டியில் பார்த்திருந்தார்.

மூன்று கேள்விகள்

ஓடாத இயந்திரத்திடம் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும் என்பது அங்கிளின் பாடம். அழுத்தம் இருக்கிறதா? பொறி வருகிறதா? எரிபொருள் போகிறதா?

முதலில் அழுத்தம். பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைத் திருகிக் கயிற்றை இழுத்தேன். நல்ல நிலையில் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டிய முள் 85ல் நின்றது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சரியாக அடைக்கவில்லை என்பதற்கு அது அறிகுறி.

அடுத்து பொறி. இந்த ரம்பத்தில் மின்கலன் கிடையாது. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் கம்பிச்சுருளைக் கடக்கும்போது மின்சாரம் உண்டாகிறது. சரியான கணத்தில் ஒரு சிறிய தொடுமுனை பிரிந்து அந்த ஓட்டத்தைத் துண்டிக்க, இன்னொரு சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படித்த மின்காந்தத் தூண்டல்தான்! தொடுமுனை கறுத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்ததும் நீலப் பொறி வந்தது.

மூன்றாவது எரிபொருள். கார்புரேட்டருக்குள் மெல்லிய சவ்வுகள் உள்ளன. கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்கும்போது ஒரு சவ்வு துடித்துப் பெட்ரோலை இழுக்கும். இன்னொன்று அளவாக உள்ளே விடும். மிதவை இல்லாததால் எந்தக் கோணத்திலும் வேலை செய்யும். எங்கள் ரம்பத்தின் சவ்வுகள் பொரித்த அப்பளம்போல விறைத்திருந்தன.

வடுக்கள் சொன்ன காரணம்

வளையங்களையும் சவ்வுகளையும் மாற்றினால் ரம்பம் ஓடியிருக்கும். ஆனால் ‘ஏன் போச்சு’ என்பதற்குப் பதில் கிடைத்திருக்காது.

அங்கிள் சைலன்சரைக் கழற்றச் சொன்னார். புகைத்துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். மேலிருந்து கீழாகக் கீறல்கள். பிறகு பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தோம். புகைத்துளை இருக்கும் பக்கம் மட்டும் வடுக்கள்; கார்புரேட்டர் இருக்கும் பக்கம் வழவழப்பாக இருந்தது.

இந்த வேறுபாடு முக்கியம். காற்று வடிகட்டி சரியில்லாமல் மண்ணும் மரத்தூளும் நுழைந்திருந்தால், கார்புரேட்டர் பக்கம் கீறியிருக்கும். புகைத்துளைப் பக்கம்தான் பிஸ்டன் மிக அதிகமாகச் சூடாகும் இடம். அங்கே மட்டும் வடு என்றால் சூடு மிஞ்சியிருக்கிறது. பிஸ்டன் விரிந்து உருளையில் உரசியிருக்கிறது. எண்ணெய் குறைந்தாலும் அப்படி ஆகும். பெட்ரோலைவிடக் காற்று அதிகமானாலும் ஆகும். இரண்டில் எது?

கிராங்க் அறையின் திறப்புகளை அடைத்து, மெதுவாகக் காற்றைச் செலுத்தி, வெளியே சோப்பு நீரைப் பூசினோம். கிராங்க் தண்டு வெளியே வரும் ஓரத்தில் சிறு குமிழிகள் வரிசையாகப் புறப்பட்டன. ‘ஆயில் சீல்’ என்ற ரப்பர் வளையம் காய்ந்து இறுகியிருந்தது. இயந்திரம் ஓடும்போது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே கசிந்திருக்கிறது. கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் காற்று கூடிவிட்டது. காற்று கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் பிஸ்டன் உரசும்.

சில வெள்ளி விலையுள்ள ரப்பர் வளையம் அது. அதைக் கவனிக்காமல் பிஸ்டன் வளையங்களை மட்டும் மாற்றியிருந்தால், புதியவையும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

பெயர் தெரியாத இயந்திரத்துக்கும் ஆயில் சீல் வாங்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று அளவுகள் போதும். லிட்டில் இந்தியாவை அடுத்த ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடை ஒன்றில் அது கிடைத்தது. அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டதை அங்கிள் இன்னும் வருத்தத்துடன் நினைவுகூர்கிறார். பழைய கருவிகளுக்கு உதிரிபாகம் தேட அவர் அங்குதான் போவாராம்.

ஓடுகிறது, வேலைக்குப் போகாது

வடு ஆழமாக இல்லாததால் பிஸ்டனை நயமான உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்து, புதிய வளையங்களும் சீல்களும் சவ்வுகளும் பொருத்தினோம். அழுத்தமானி 130 காட்டியது. நான்காவது இழுப்பில் ரம்பம் உயிர்பெற்றது.

ஆனாலும் அதை மரம் வெட்ட அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சங்கிலியின் நுனி மரத்தில் இடறினால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக், 1970களில்தான் ரம்பங்களில் இடம்பெறத் தொடங்கியது. எங்கள் ரம்பத்தில் அது இல்லை. அதிர்வைத் தாங்கும் கைப்பிடியும் இல்லை. நெடுங்காலம் அதிர்வு பட்டால் விரல்களில் இரத்த ஓட்டம் குறைந்து அவை வெளுத்து மரத்துப்போகும்.

புகையும் ஒரு காரணம். புதிய கலவையைக் கொண்டே பழைய புகையைத் தள்ளுவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. எளிமைக்கு இயந்திரம் கொடுக்கும் விலை அது. கலிஃபோர்னியாவில் 2024ஆம் ஆண்டு முதல், தோட்ட வேலைக்கான புதிய சிறு பெட்ரோல் இயந்திரங்களில் பெரும்பாலானவை புகையே இல்லாதவையாக இருக்க வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரிலும் 2003ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான பழைய மோட்டார்சைக்கிள்கள் சாலையிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. 2028ஆம் ஆண்டு ஜூன் 30க்குப் பிறகு அவை ஓட முடியாது.

அந்த ரம்பம் இப்போது சங்கிலி கழற்றப்பட்டு, அடுத்துவரும் பயிற்சி மாணவர்கள் பிரித்துப் பூட்டிப் பார்க்கும் இயந்திரமாகப் பட்டறையிலேயே இருக்கிறது.

உங்கள் முறை

பட்டறைக்கு வரும் ரம்பங்களில் மின்கலத்தில் ஓடுபவை கூடிக்கொண்டே போகின்றன. அவற்றுக்குப் பொறியும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. ஆனால் அங்கிள் அவற்றையும் அதே முறையில்தான் பார்க்கிறார்: மின்கலத்தில் வோல்ட் இருக்கிறதா, சுவிட்சைத் தாண்டி வருகிறதா, மோட்டாரை எட்டுகிறதா?

தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படிக்கும் நண்பர்களுக்கும், இயற்பியல் பிடித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு யோசனை. கைவிடப்பட்ட புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை ஆசிரியரின் மேற்பார்வையில் பிரித்துப் பாருங்கள். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றிய பிறகே கைவையுங்கள். முதலில் சைலன்சரைக் கழற்றி, பிஸ்டனில் எந்தப் பக்கம் கீறல் இருக்கிறது என்று பாருங்கள். உதிரிபாகத்திற்குப் பணம் செலவழிப்பதற்கு முன், அது பழுதான காரணத்தை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.