குறை உடலில் இல்லை, அளவில்!



உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. உள்ளே ஆண்கள் நிற்கிறார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை ஏதோ கைக்குட்டையைப் பார்ப்பதுபோல் நீங்கள் ஒதுங்கி நிற்கிறீர்கள். கூட்டம் குறைந்ததும் கடைக்காரர் அருகில் வந்து, "என்ன சைஸ்?" என்கிறார். "முப்பத்தெட்டு" என்று தரையைப் பார்த்தபடி சொல்கிறீர்கள். அவர் ஒரு பெட்டியை எடுத்துத் தாளில் சுற்றித் தருகிறார். பிரித்துப் பார்ப்பதில்லை, வேறு கேட்பதுமில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு விரைந்து வெளியேறுகிறீர்கள்.

வீட்டிற்கு வந்து அணிந்து பார்த்தால் தோளில் வார் அறுக்கிறது. முதுகுப் பட்டை மேலே ஏறுகிறது. அக்குள் ஓரம் சதை பிதுங்குகிறது. "நம் உடம்பு அப்படி, என்ன செய்வது?" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு அதையே ஓராண்டு அணிகிறீர்கள். அடுத்த ஆண்டும் அதே கடை, அதே எண், அதே வலி.

இந்தக் காட்சியில் உங்களை நீங்கள் கண்டுகொண்டால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது. பேசக் கூசும் பொருள்தான். ஆனால் பேசாமல் விட்டதனால் எத்தனையோ பெண்கள் ஆயுள் முழுவதும் தோள்வலியைச் சுமந்து திரிகிறார்கள்.

சற்றே எண்ணிப் பாருங்கள். காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று எத்தனை அளவுகள் எடுக்கப்படுகின்றன! ஆண்டில் நான்கு நாள் அணியும் ரவிக்கைக்கு இவ்வளவு கவனம். நாள்தோறும் உடலோடு ஒட்டியிருந்து பாரம் தாங்கும் உடைக்கோ ஒரே ஓர் எண். பராந்தக சோழன் காலத்தில், இன்றைக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சபை உறுப்பினருக்கு வயது எவ்வளவு, நிலம் எவ்வளவு என்று வரையறுத்துக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அவ்வூரின் பெண்களுக்குத் தங்கள் உடையின் அளவு தெரியவில்லை என்பது வருந்தத்தக்கதே.

ஓர் எண் செய்யும் குழப்பம்

நம் பாட்டிமார் காலத்தில் 'பாடி' என்பது பருத்தித் துணியில் தையற்காரர் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த உடை. 1914ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண்மணி இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் இணைத்துத் தாம் உருவாக்கிய பிராவுக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் அங்குள்ள நிறுவனங்கள் மார்பின் பருமனை ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் குறிக்கத் தொடங்கின. சென்னையில் 1939இல் தொடங்கப்பட்ட நாயுடு ஹால் போன்ற கடைகள் ஆயத்த உள்ளாடைகளை நம் பெண்களிடம் கொண்டு சேர்த்தன. ஆயத்த ஆடை வந்ததும் தையற்காரரின் டேப்பு விலகியது. எண் மட்டும் மிஞ்சியது. எழுத்தை நாம் கவனிக்கவே இல்லை.

பிராவின் அளவில் இரண்டு செய்திகள் உள்ளன. எண் என்பது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிவரும் பட்டையின் அளவு. எழுத்து என்பது 'கப்' எனப்படும் கிண்ணப் பகுதியின் கொள்ளளவு. இவ்விரண்டும் சேர்ந்ததே அளவு. சிற்றூர்க் கடைகளில் பெரும்பாலும் பி, சி எழுத்துகளே கிடைக்கின்றன. எனவே பருத்த மார்புடைய பெண்ணுக்குக் கடைக்காரர் எழுத்தைக் கூட்டுவதில்லை. எண்ணைக் கூட்டிக் கொடுக்கிறார். பட்டை தொளதொளக்கிறது, கப்போ போதவில்லை.

பழைய கணக்கு ஒன்றும் இந்தத் தவறுக்குத் துணை போகிறது. விலாச் சுற்றளவோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டி, அதையே பட்டை அளவாகக் கொள்ளும் முறை அது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சகோதரிக்கு விலாச்சுற்று 34, மார்புச்சுற்று 40 அங்குலம். பழைய முறைப்படி 34உடன் 4ஐக் கூட்டினால் 38. மார்புச்சுற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 2. எனவே அவருக்கு '38 பி' என்று முடிவாகிறது. கூட்டாமல் கணக்கிட்டால் பட்டை 34. வேறுபாடு 6 அங்குலம். ஆகவே '34 ஈ'. இவ்விரண்டுக்கும் இடையே பட்டையில் நான்கு அங்குலம் வேறுபாடு! கப்பிலும் இரண்டு படி குறைவு. அந்தச் சகோதரியின் உடலில் எக்குறையும் இல்லை. குறை அந்தக் கணக்கில்தான்.

இது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2008இல் ஆஸ்திரேலியாவில் 30 இளம்பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வில் அவர்களுள் 80 விழுக்காட்டினர் தவறான அளவையே அணிந்திருந்தனர். பெரும்பாலோர் அணிந்திருந்தது தேவையைவிடச் சிறியது.

வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

இதற்குக் கடைக்காரரும் வேண்டாம், பிறரும் வேண்டாம். கதவைத் தாழிட்டுக்கொண்டு, தையல் டேப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மார்புக்குச் சற்றுக் கீழே, விலாவைச் சுற்றி டேப்பை இழுத்துப் பிடியுங்கள். மூச்சை வெளியே விட்டபின் அளவைப் பாருங்கள். டேப்பு முதுகிலும் முன்னாலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அளவு ஒற்றைப்படையாக வந்தால் அடுத்த இரட்டைப்படை எண்ணைக் கொள்ளுங்கள். இதுவே பட்டை அளவு.

அடுத்து மார்பின் பருத்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றி அளவு பாருங்கள். மார்பு சரிந்தோ மிகப் பருத்தோ இருப்பவர்கள் இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து நின்று அளக்க வேண்டும். நிமிர்ந்து நின்று அளந்தால் அளவு குறைத்தே காட்டும்.

இரண்டாம் அளவிலிருந்து பட்டை அளவைக் கழியுங்கள். வேறுபாடு 1 அங்குலமானால் ஏ, 2 ஆனால் பி, 3 ஆனால் சி, 4 ஆனால் டி, 5 ஆனால் டிடி, 6 ஆனால் ஈ. டிடி தொடங்கி மேலே உள்ள அளவுகளை நிறுவனங்கள் வெவ்வேறு எழுத்துகளால் குறிக்கின்றன. ஆகவே எழுத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். எத்தனை அங்குல வேறுபாடு என்பதை நினைவில் வைத்து, நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 'டி' என்றாலே பேருருவம் என்று எண்ணுவது அறியாமை. விலா ஒடுங்கிய மெல்லிய பெண்ணுக்கும் அது பொருந்தலாம்.

கப் சரியாக இருந்து பட்டை மட்டும் தளர்ந்தால் எண்ணை ஒரு படி குறைத்து எழுத்தை ஒரு படி கூட்டுங்கள். 38 பி, 36 சி, 34 டி ஆகிய மூன்றின் கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவுடையவை.

அணிந்தபின் கண்ணாடி சொல்லும் உண்மை

முதுகுப் பட்டை முன்பட்டையின் மட்டத்திலேயே இருக்கிறதா? மேலே ஏறினால் பட்டை பெரிது. இரண்டு விரல் நுழையும் இறுக்கமே போதும். இரு கப்புகளுக்கும் நடுவிலுள்ள துண்டு நெஞ்செலும்பின்மேல் படிய வேண்டும். தூக்கி நின்றால் கப் சிறிது. கப்பின் மேல்விளிம்பில் சதை பிதுங்கினாலும் அதுவே பொருள். கம்பி வைத்ததாயின் அது மார்பைச் சுற்றி விலாவில் அமர வேண்டும். மார்பின்மேல் ஏறி அழுத்தக் கூடாது.

பாரத்தில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது பட்டையே, தோள்வார் அல்ல. தோளில் பள்ளம் விழுகிறதென்றால் பட்டை தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்த நிலையில் பொருந்துவதையே வாங்குங்கள். நாளாகப் பட்டை நெகிழும். அப்போது உள்கொக்கிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வடிவம்

அளவு சரியாக இருந்தும் பொருந்தாத சகோதரிகள் உண்டு. அவர்கள் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். விளம்பரப் படத்தில் காணும் வடிவம் பல வடிவங்களுள் ஒன்று மட்டுமே.

இரு மார்பும் ஒரே அளவில் இல்லாதிருப்பது மிகச் சாதாரணம். பெரிய பக்கத்துக்கு ஏற்ற கப்பை வாங்கி, சிறிய பக்கத்தில் மெல்லிய பஞ்சுத் திண்டு வைத்துக்கொள்ளலாம். பாலூட்டிய பின் மேற்பகுதி வற்றிக் கீழ்ப்பகுதி மட்டும் பருத்திருப்போருக்கு மேல்விளிம்பு நெகிழும் துணியாலான கப் ஏற்றது. இரு மார்புக்கும் இடையே இடைவெளி மிகுந்தோருக்கு நடுத்துண்டு அகன்றிருக்க வேண்டும். நெருங்கியோருக்குக் குறுகியிருக்க வேண்டும். அடிப்பகுதி குறுகிக் குழாய்போல் நீண்ட வடிவமும் உண்டு. அவர்களுக்கு அகலமான கம்பி ஒருபோதும் ஒத்துவராது. கம்பியில்லாத, நெகிழ்ந்து கொடுக்கும் துணியே இதம் தரும்.

பஞ்சு வைத்து அச்சில் வார்த்த கப் தன் வடிவத்தையே உடல் ஏற்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். துண்டு துண்டாக வெட்டித் தைத்த கப் உடலின் வடிவத்துக்கு இணங்கி வரும். பருத்த மார்புக்கு மூன்று துண்டுகளாகத் தைத்த கப், அகன்ற தோள்வார், மூன்று அல்லது நான்கு கொக்கி வரிசை ஆகியவற்றைத் தேடுங்கள்.

உத்திரமேரூரில் கிடைக்காவிடில் காஞ்சிபுரமோ செங்கற்பட்டோ செல்லும் நாளில், பெண் ஊழியர் உள்ள கடையாகப் பார்த்துக் கேளுங்கள். இன்று கைப்பேசி வழியாகவும் தருவிக்கலாம். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை முன்னரே பார்த்துக்கொண்டு, முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். பட்டை சற்றுத் தளர்ந்தால் ஊர்த் தையற்கார அக்காவே பிடித்துத் தைத்துக் கொடுப்பார்.

மறைத்தால் மறையாத வலி

"மேலே புர்கா அணிகிறோமே, உள்ளே எது இருந்தால் என்ன?" என்று கேட்போர் உண்டு. புர்கா உருவத்தை மறைக்கும், கழுத்துவலியை மறைக்காது. மார்பின் அடியில் வேர்வை தங்கி, தோல் சிவந்து புண்ணாகும் தொல்லையைக் கோடையில் பல பெண்கள் அனுபவிக்கிறார்கள். சரியாகத் தூக்கிப் பிடிக்கும் பருத்தி பிராவும், நாள்தோறும் துவைத்து மாற்றுவதும், அவ்விடத்தை ஈரமின்றி வைத்திருப்பதும் அதைப் பெரிதும் தடுக்கும். புண் ஆறாவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளரும் பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் துயரமானது. தோழியரைவிடப் பருத்த மார்புடைய சிறுமி தோளைக் குறுக்கிக் கூன்போட்டு நடக்கிறாள். தட்டையாகத் தோன்ற வேண்டுமென்று ஓர் அளவு குறைத்து அணிகிறாள். விளையாட்டு மைதானத்திலிருந்து விலகிக்கொள்கிறாள். அவளிடம் தாய் முதலில் பேச வேண்டும். "உன் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, உடையைத்தான் மாற்ற வேண்டும்" என்ற ஒரு சொல் அவளை நிமிர்ந்து நடக்கச் செய்யும்.

சரியான உடை அணிந்தும் தீராத முதுகுவலி தரும் மிகைப் பருமன் சிலருக்கு உண்டு. அதற்கு அறுவைச் சிகிச்சை இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018இல் மார்பக அளவு தொடர்பான அறுவைச் சிகிச்சைகளைக் கட்டணமின்றிச் செய்ய முன்வந்தது. இது ஆடம்பரத்துக்கு என்று கேலி பேசியோரும் உண்டு. வலியைச் சுமப்பவர் அவ்வாறு பேசமாட்டார்.

வடிவம் வேறு, நோய் வேறு

பிரா அணிவதால் புற்றுநோய் வரும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1,500க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அவ்வாறான தொடர்பு எதையும் காணவில்லை.

பிறவியிலிருந்தோ பருவத்திலிருந்தோ உள்ள வடிவம் நோயன்று. புதிதாகத் தோன்றும் மாற்றமே எச்சரிக்கை. கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல்போன்ற தடிப்பு, இதுவரை வெளியே இருந்த காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் கலந்த கசிவு, ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பெருத்தல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். இந்தியப் பெண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு அருகில் மருத்துவம் இருந்தும், வெட்கத்தினால் கட்டியை மறைத்து, காலம் கடந்தபின் வருவது எத்தனை பெரிய இழப்பு!

கடையில் அளவைச் சொல்லக் கூசிய அதே நாவே மருத்துவரிடமும் கூசுகிறது. ஆகையால் இது வெறும் உள்ளாடைப் பிரச்சினை அன்று. தன் உடலைப் பற்றித் தாயிடமும், லாத்தாவிடமும், பெண் மருத்துவரிடமும் தெளிவாகப் பேசப் பழகிய பெண்ணே நோயையும் காலத்தில் சொல்வாள். நாணம் நம் அணிகலன். அது வாயைக் கட்டும் கயிறாகிவிடலாகாது.

சகோதரிகளே, உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இதழை மூடி வைத்துவிட்டு, தையற்பெட்டியிலிருந்து டேப்பை எடுங்கள். இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும், எடை கூடிக் குறையும்போதும் மறுபடி அளந்து கொள்ளுங்கள். வளர்ந்த மகள் இருந்தால் அவளுக்கும் கற்றுக் கொடுங்கள். அடுத்த முறை கடைக்காரர் "என்ன சைஸ்?" என்று கேட்கும்போது தரையைப் பார்க்காமல், எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அவரிடம் அது இல்லையென்றால், வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். கேட்பவர் பலரானால் கடையில் அந்த அளவும் வந்து சேரும்.