ஒரே மூலநிரல், பல லினக்ஸ்கள்

லினக்ஸில் மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும் பழைய வழக்கம் மூன்று கட்டளைகளில் அடங்கும்: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். டெபியனில் தடையின்றி முடியும் இந்த வேலை ஃபெடோரா, ஆல்பைன் போன்ற பிற லினக்ஸ் வழங்கல்களில் பாதியில் நின்றுவிடுவதுண்டு. லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் மட்டுமே; அதன்மேல் எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரிகள், அவை எந்தக் கோப்புறையில் என்பதை ஒவ்வொரு வழங்கலும் தானே முடிவுசெய்கிறது.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை நம்பியிருக்கும் நிரலைக் கம்பைல் செய்ய அதன் ஹெடர் கோப்புகள் வேண்டும். டெபியனும் உபுண்டுவும் அவற்றை ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ என்று தனியாகத் தருகின்றன. ஃபெடோராவில் அது ‘ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல்’. ஆர்ச் லினக்ஸில் லைப்ரரியுடன் சேர்ந்தே வந்துவிடும். கணினியில் இருக்கும் லைப்ரரியைக் கான்ஃபிகர் ‘இல்லை’ என்று சொன்னால், பெரும்பாலும் ஹெடர் கோப்புகள் நிறுவப்படவில்லை என்றே பொருள். புதியவர்கள் மனம் தளர்ந்து விலகுவது இந்த இடத்தில்தான்.

கம்பைலரின் பதிப்பும் வழங்கலுக்கு வழங்கல் வேறுபடும். ஒரே குளோபல் மாறியைப் பல கோப்புகளில் வரையறுக்கும் பழைய சி வழக்கத்தை, 2020இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைத்தால் முன்பு எச்சரிக்கை மட்டுமே வந்தது. 2024இன் ஜிசிசி 14 அதைப் பிழையாகவே கொள்கிறது. இதனால் பழைய நிரல்கள் பல நின்றுபோயின. ஆனாலும் வேண்டிய கண்டிப்புதான் இது. நிரல்களுக்குள் பதுங்கியிருந்த தவறுகள் இதனால் வெளிப்பட்டன.

எல்லாவற்றிலும் கடினமானது ஜிலிப்சி. ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் இந்த அடிப்படை லைப்ரரி, தன் ஃபங்ஷன்களுக்குப் பதிப்பு முத்திரை இடுகிறது. கம்பைல் ஆகும் கணினியில் உள்ள புதிய முத்திரையை நிரல் பற்றிக்கொள்ளும். உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35, உபுண்டு 20.04இல் 2.31. முன்னதில் வழக்கமான முறையில் கம்பைல் செய்த, எதுவுமே செய்யாத வெற்றுச் சி நிரல்கூட 2.34 முத்திரையைக் கேட்பதால் பின்னதில் ஓடாது. பழையதில் உருவானது புதியதில் பொதுவாக ஓடும். ஜிலிப்சிக்குப் பதில் மஸில் லைப்ரரியைக் கொண்ட ஆல்பைனிலோ இரண்டுமே நேரடியாக ஓடுவதில்லை.

ஆகவே பலருக்கும் பகிர வேண்டிய நிரலை, ஆதரிக்க நினைக்கும் வழங்கல்களில் மிகப் பழையதில் கம்பைல் செய்வதே நம்பகமான முறை. பைத்தான் தொகுப்புகளுக்கான ‘மேனிலினக்ஸ்2014’ தரம் அப்படித்தான் சென்ட்ஓஎஸ் 7இன் ஜிலிப்சி 2.17ஐ அடித்தளமாகக் கொண்டது. ஃபிளாட்பேக் போன்ற தொகுப்பு முறைகள் லைப்ரரிகளைத் தனி அடுக்காகத் தந்து சிக்கலையே தவிர்க்கின்றன. அதற்கு ஈடாக வட்டில் கூடுதல் இடம் பிடிக்கின்றன.