கடை முன்கூரை மஞ்சளாவது ஏன்?

கடை வாசலில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் இருந்த இடத்தில் வெளிச்சம் தரும் பிளாஸ்டிக் கூரை வந்துவிட்டது. நாம் எல்லாவற்றையும் ‘பைபர் ஷீட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இன்று நம்மில் பலர் போடுவது பாலிகார்பனேட் ஷீட். 1953-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட பிளாஸ்டிக் இது. அதே கனமுள்ள கண்ணாடியின் எடையில் பாதிகூட வராது. கல் விழுந்தாலும் எளிதில் உடையாது. ஒரே பகை வெயில்.

பணம் கொட்டிப் போட்ட கூரை சில ஆண்டுகளில் பழுப்பேறி, வெளிச்சம் மங்கி, கை வைத்தால் விரிசல் விடும்போது, “மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்” என்று விற்றவரைத் திட்டுகிறோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நல்ல ஷீட்டையே தலைகீழாகப் போட்டுக் கெடுத்த கடைகளும் உண்டு.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. வியாபார வழக்கில் யு.வி. என்பது இதைத்தான். இது பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. அறுந்த இடத்தில் உண்டாகும் புதுப் பொருளின் நிறமே மஞ்சள். எனவே அது கழுவினால் போகிற அழுக்கு அல்ல. இதைத் தடுக்கத்தான் ஷீட்டைத் தயாரிக்கும்போதே மேற்பரப்பில் யு.வி. தடுப்புப் பூச்சு ஒன்றைச் சேர்த்து இழுக்கிறார்கள். அந்தப் பூச்சு கதிரை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும். அதன் கனம் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நாம் கொடுக்கும் விலையின் பலன் நிலைப்பது இந்த மெல்லிய தோலை நம்பித்தான்.

இந்தத் தோல் பல ஷீட்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். எந்தப் பக்கம் என்பதை மேலே ஒட்டி வரும் பாதுகாப்புப் பேப்பரில் அச்சிட்டிருப்பார்கள். ‘இந்தப் பக்கம் வெளியே’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அல்லது சூரியன் படம் போட்டிருக்கும். பேப்பரை உரித்துவிட்டால் இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கூரை போட வரும் ஆள், வேலை சுலபம் என்று கீழே வைத்தே இரண்டு பேப்பரையும் உரித்துப் போடுவார். அதைத் தடுங்கள். ஓரத்தில் மட்டும் சில அங்குலம் உரித்து, அச்சு உள்ள பக்கம் வானம் பார்க்க வைத்து, திருகு முடுக்கிய பிறகு மீதியை அன்றே உரிக்கச் சொல்லுங்கள். ‘பேப்பர் இருந்தால் பாதுகாப்புதானே’ என்று விட்டுவைத்தால் வெயிலில் அது ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு பிறகு வரவே வராது. விற்பனைக் கடையின் முற்றத்தில் வெயிலில் காய்ந்து கிடந்த ஷீட்டை வாங்காமலிருப்பதும் இதனால்தான்.

கியாரண்டி விஷயம். ‘பத்து வருஷம்’ என்று வாயால் சொல்வது போதாது. மஞ்சளாவதற்கா, உடைவதற்கா, வெளிச்சம் குறைவதற்கா என்று கேட்டு, ஜி.எஸ்.டி. பில்லோடு எழுத்தில் வாங்குங்கள். யு.வி. பக்கத்தை மாற்றிப் போட்டால் கியாரண்டி கேட்க முடியாது.

அடுத்து, கழுவுவது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கடையைக் கழுவும்போது பையனை ஏணியில் ஏற்றிச் சலவை சோடாவும் தேங்காய் நாரும் கொடுத்தனுப்புகிறோம். நார் அந்தத் தோலைக் கீறும். சோடா, சாம்பல் போன்ற காரப் பொருள்கள் பாலிகார்பனேட்டையே தாக்கும். பெயிண்ட் தெறித்தால் தின்னர் போட்டுத் துடைப்பதும் கூடாது, நுண்விரிசல் விழும். இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்புக் கரைத்து, மெல்லிய துணியால் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டால் போதும்.

இதே பிளாஸ்டிக் உங்கள் லோடு வண்டியின் முகப்பு விளக்கிலும் பெரும்பாலும் இருக்கிறது. முன்பு கண்ணாடி, அது மஞ்சளாகாது. இப்போதுள்ளதன் மேல் ஒரு கடினப் பூச்சு உண்டு. அது தேய்ந்துபோனால் விளக்கு மங்கும். மங்கிப்போன விளக்குகள் புதியவை தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே தருகின்றன என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் சோதித்துச் சொன்னது. விடியற்காலை மார்க்கெட்டுக்கு வண்டி விடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பற்பசை போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் மிச்சமிருந்த பூச்சும் போய்விடும். பாலிஷ் செய்தால் அதன் மேல் யு.வி. தடுப்புப் பூச்சு மறுபடி அடிக்கிற மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

மளிகைக்காரருக்கு இன்னொன்று. ‘யு.வி. ஷீட் சார், கீழே எந்தச் சரக்கையும் வைக்கலாம்’ என்று விற்பனையாளர் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும். நல்ல ஷீட் புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்காது; அதற்காகத்தானே அதைப் போட்டோம்! மஞ்சள் தூளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் ஊதா, நீல வெளிச்சத்திலேயே சிதைந்து வெளுக்கும். பாலிலுள்ள ரிபோஃபிளேவினும் அப்படித்தான். அதனால் பாலின் சுவை கெடும். தெளிவான பாட்டிலில் இருக்கும் எண்ணெய் வெளிச்சத்தாலும் சூட்டாலும் சீக்கிரம் காறிவிடும். திரும்பி வரும் பாட்டிலுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. எண்ணெயும் மசாலாவும் உள்ளே இருட்டான அடுக்கில் இருக்கட்டும். வாசல் காட்சிக்குக் காலி டப்பா போதும்; வாளி, மக்கு, துடைப்பம் ஆகியவற்றையும் அங்கே தாராளமாகத் தொங்கவிடலாம்.